1961 மொறிஸ் மைனர் 1000: பின் லைற்றுகளைத் திருத்துவது, எதில் தொடங்குவது?

யாழ்_மைனர் எழுதியது:

வணக்கம். கார் 1961 மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 948 சிசி. 12 வோல்ற், பொசிற்றிவ் ஏர்த் (பற்றரியின் பொசிற்றிவ் முனை காரின் உடலோடு இணைந்தது), மாற்றவில்லை. வயறிங் பெரும்பாலும் பழைய துணி சுற்றின வயர்தான். பின்னுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரேயொரு சின்னச் சிவப்பு லைற். பார்க் லைற், பிரேக், சிக்னல் மூன்றும் அதற்குள்ளேதான். மஞ்சள் சிக்னல் லைற் வைத்த பெரிய பின் லைற்றுகள் 1963 இறுதியில் வந்தவை, இந்தக் காரில் அவை இல்லை.

இப்போதைய நிலை:

இடப் பக்கம் பிரேக் மிதித்தால் வெளிச்சம் பெரிதாகக் கூடுவதில்லை. வலம் பரவாயில்லை. குண்டும் குழியுமான ரோட்டில் இடது பிரேக் லைற் சில நேரம் முழுதாகவே போய்விடுகிறது. அந்த நேரத்தில் ஹெட்லைற் சுவிச் ஓஃப் ஆக இருந்தாலும், இடது சிக்னல் போட்டால் நம்பர் பிளேற் லைற் மங்கலாகச் சேர்ந்து மின்னுகிறது. பல்ப் இரண்டும் புதிது.

லென்ஸ் இரண்டும் மங்கி, வெளிறிப்போய்க் கிடக்கின்றன. வலது லென்ஸைத் தின்னர் தொட்டுத் துடைத்த பிறகு உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். இடது லென்ஸில் திருகாணி ஓட்டையில் இருந்து ஒரு சென்ரிமீற்றர் வெடிப்பு.

குரோம் பூசின பாகத்தில் வெள்ளைக் கொப்பளங்கள். மழைக்குப் பிறகு லென்ஸுக்குள் நீர்த்துளி.

கேள்விகள்: எந்த ஒழுங்கில் வேலை செய்வது? லென்ஸைப் பொலிஷ் பண்ணி மீட்க முடியுமா? குரோம் ஸ்பிறே நிற்குமா? எல்இடி பல்ப் போட்டால் மங்கல் பிரச்சினை தீருமா?

பன்னிரண்டு_வோல்ற் எழுதியது:

தம்பி, பொலிஷும் குரோமும் பிறகு. முதலில இடது லைற்றின் ஏர்த்தைப் பாருங்கோ. நம்பர் பிளேற் லைற் சிக்னலோட சேர்ந்து மின்னுது எண்டு எழுதினீங்கள், அதிலயே விடை கிடக்கு.

நடக்கிறது இதுதான். அந்த பல்புக்குள்ள இரண்டு இழை: 21 வாற் பிரேக்குக்கும் சிக்னலுக்கும், 5 வாற் பார்க் லைற்றுக்கு. இரண்டு இழைக்கும் ஏர்த் ஒண்டுதான், பல்பின் பித்தளைக் கோது. அந்தக் கோது பொடிக்கு, அதாவது காரின் உடல் தகட்டுக்கு, ஒழுங்காத் தொடாட்டில், 21 வாற் இழையால வந்த மின்சாரம் வெளியேற வேற வழி தேடும். 5 வாற் இழைக்குள்ளால பின்பக்கமா ஏறி, சிவப்பு வயருக்குப் போய், அந்த வயரில தொங்கிற வலது பார்க் லைற், நம்பர் பிளேற் லைற், முன் பார்க் லைற் எல்லாத்தாலயும் பிரிஞ்சு ஏர்த்துக்கு இறங்கும். 5 வாற் இழையின் தடை 29 ஓம் அளவு, 21 வாற் இழையின் தடை எரியும்போதே 7 ஓம்தான். தொடராப் போனால் வோல்ற்றில பெரும்பங்கைச் சின்ன இழை எடுத்திடும், பெரிய இழை சிவக்கவும் மாட்டாது. அதாலதான் பிரேக் மிதிச்சாலும் பார்க் லைற் அளவுக்கே தெரியுது. பல்பை எத்தனை தரம் மாத்தினாலும் இது போகாது.

அளந்து பாத்திட்டுக் கழட்டுங்கோ. மல்ரிமீற்றரை 20 வோல்ற் டிசிக்கு வையுங்கோ. உங்கட கார் பொசிற்றிவ் ஏர்த், அதால சிவப்பு முனை பொடிப் பக்கம், கறுப்பு முனை வயர்ப் பக்கம். மாறிப் பிடிச்சால் கழித்தல் குறியோட காட்டும், மீற்றருக்கு ஒண்டும் ஆகாது. ஒராள் பிரேக்கை மிதிச்சபடி இருக்க, பல்ப் எரிஞ்சுகொண்டு இருக்கும்போதே நாலு அளவு எடுக்கவேணும்:

1. பற்றரியின் இரண்டு முனைக்கும் இடையில.
2. பல்பின் கோதுக்கும் பிரேக் வயர் வாற முனைக்கும் இடையில. பல்புக்கு உண்மையாக் கிடைக்கிற வோல்ற் இது.
3. பல்பின் கோதுக்கும் பற்றரியின் பொசிற்றிவ் முனைக்கும் இடையில, நீட்டு வயர் பிடிச்சு. இது ஏர்த் பக்க இழப்பு, 0.2க்குக் கீழ இருக்கவேணும்.
4. பற்றரியின் நெகற்றிவ் முனைக்கும் லைற்றுக்கு வாற பிரேக் வயருக்கும் இடையில. இது வாற வழியின் இழப்பு. இந்தப் பழைய வயறிங்குக்கு 0.5 வரை பொறுக்கலாம்.

பல்பைக் கழட்டிப்போட்டு வெறும் சொக்கற்றில அளக்கவேண்டாம். மின்சாரம் ஓடாத நேரத்தில துருப்பிடிச்ச இணைப்பிலயும் 12 வோல்ற் காட்டும். நிறையப் பேர் ஏமாறுற இடம் இதுதான்.

இரண்டு பக்கமும் அளந்து இங்க போடுங்கோ.

யாழ்_மைனர் எழுதியது:

அளந்தேன். பிரேக் மட்டும், மற்ற லைற்றுகள் ஓஃப். பற்றரி 12.3.

இடது: பல்பில் 9.4, ஏர்த் பக்கம் 2.1, வாற பக்கம் 0.8.
வலது: பல்பில் 11.3, ஏர்த் பக்கம் 0.1, வாற பக்கம் 0.9.

பன்னிரண்டு_வோல்ற் எழுதியது:

கணக்குச் சரியா வருது: 9.4, 2.1, 0.8 மூண்டையும் கூட்டினால் 12.3. அளவு பிழைக்கேல்லை.

இதில இரண்டு தனித்தனிப் பிரச்சினை இருக்கு. இடது ஏர்த்தில 2.1 வோல்ற் போகுது. அந்த பல்ப் இப்ப இழுக்கிறது ஒண்டரை அம்பியர் அளவு, அப்ப ஏர்த் வழியில 1.4 ஓம் தடை. இழை பல்பின் வெளிச்சம் வோல்ற்றோட நேராக் குறையாது, ஏறத்தாழ 3.4 அடுக்காக் குறையும். 11.3க்கும் 9.4க்கும் இடையில வித்தியாசம் ஆறில ஒரு பங்குதான், ஆனால் இடது லைற்றின் வெளிச்சம் வலதின் பாதியளவுக்கு வந்திட்டுது. இரண்டாவது, ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா 0.8, 0.9 வோல்ற் இழப்பு. அது பியூஸ் பெட்டி, பிரேக் சுவிச், சிக்னல் றிலே இந்த மூண்டில ஒண்டில இருக்கு, அல்லது மூண்டிலயும் கொஞ்சம் கொஞ்சமா இருக்கு.

ஏர்த் வேலை முதலில. பற்றரியைக் கழட்டும்போது பொசிற்றிவ் முனையை முதல் கழட்டுங்கோ, உங்கட காரில ஏர்த் அதுதான். நெகற்றிவ்வை முதல் கழட்டப் போய்ச் சாவி பொடியில பட்டால் நேர் ஷோர்ட்.

லைற் கூட்டுக்குள்ள ஏர்த் போற வழி நீளம்: பல்ப் கோது, சொக்கற், சொக்கற்றைக் கூட்டோட சேர்த்த றிவிற், கூடு, அதைப் பொடியோட பிடிக்கிற போல்ற், பொடித் தகடு. இதில எந்த மூட்டில துரு ஏறினாலும் கதை முடிஞ்சுது. ஒவ்வொண்டாத் துப்பரவாக்கினாலும் றிவிற் திரும்பவும் பச்சை பிடிக்கும். அதால 1 சதுர மில்லிமீற்றர் கறுப்பு வயர் ஒண்டைச் சொக்கற்றின் உலோகத்திலேயே ஈயம் வைச்சுப் பிடிச்சு, அடுத்த முனையை வளைய முனையோட பூட்டுக்குள்ள (பின் சாமான் பெட்டிக்குள்ள) ஒரு போல்ற்றில இறுக்குங்கோ. அந்த இடத்தில பெயின்ற்றை வெறும் தகடு தெரியச் சுரண்டி, பல்லு வொஷர் போட்டு இறுக்கி, மேல வசலின் பூசுங்கோ. இரண்டு பக்கமும் செய்யுங்கோ. வலது இப்ப நல்லா இருக்கு எண்டு விட்டால் அடுத்த மாரிக்கு அதுவும் இதே நிலைக்கு வரும்.

ஈயம் வைக்கும்போது கவனிக்க வேண்டியது: சொக்கற்றுக்குள்ள இருக்கிற ஸ்பிறிங், நாரட்டை வில்லை எல்லாத்தையும் முதல் எடுத்துவிடுங்கோ. அந்த வில்லை கருகினால் இரண்டு முனையும் ஒட்டிப்போகும். கூடு மசாக் (துத்தநாகக் கலவை) வார்ப்பா இருந்தால் அதில ஈயம் ஒட்டாது, சூடு கூடினால் உருகிடும். பித்தளையில மட்டும் வையுங்கோ.

சொக்கற்றின் உள் முனைகளை விரலால அமத்திப் பாருங்கோ. பல்பைப் போட்டுத் திருப்பினபிறகு அது ஆடக்கூடாது. ஸ்பிறிங் சோர்ந்திருந்தால் இழுத்து நீட்டாமல் மாத்துங்கோ. ஒருக்கா நீட்டின ஸ்பிறிங் பல்ப் சூட்டில திரும்பச் சுருங்கிடும்.

பொதுவான 0.8 வோல்ற்றுக்கு, பிரேக்கை மிதிச்சபடி பிரேக் சுவிச்சின் இரண்டு முனைக்கும் இடையில அளவுங்கோ. மைனரில அது பிரேக் எண்ணெய் அழுத்தத்தில வேலை செய்யிற சுவிச். 0.3க்கு மேல காட்டினால் உள் முனை எரிஞ்சுபோச்சு, மாத்தவேணும், மாத்தினால் பிரேக் எண்ணெய்க்குள்ள போன காற்றும் எடுக்கவேணும். பிறகு பியூஸின் இரு பக்கமும், கவ்விகளோட சேர்த்து அளவுங்கோ.

கோவை_பட்டறை எழுதியது:

பன்னிரண்டு வோல்ற் அண்ணன் சொன்னதோடு சிக்னல் ரிலேயைப் பற்றிக் கொஞ்சம். 1961இல் மைனரில் பக்கவாட்டில் கை போல நீளும் சிக்னலை எடுத்துவிட்டு மின்னும் சிக்னல் வைத்தபோது பின்னால் தனி விளக்கு தரவில்லை. பிரேக் இழையையே சிக்னலுக்கும் பயன்படுத்தினார்கள். அதற்காக வைத்ததுதான் லூகாஸ் டிபி10 ரிலே, எட்டு முனை உள்ள டப்பா. உள்ளே இரண்டு சுருள், இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று. சும்மா இருக்கும்போது இரண்டு பின் லைட்டும் பிரேக் வயரோடு சேர்ந்திருக்கும். இடது சிக்னல் போட்டால் இடது சுருள் இழுத்து, இடது பின் லைட்டைப் பிரேக்கிலிருந்து பிரித்து, இடது முன் லைட்டோடு சேர்த்து, மின்ன வைக்கும் ஃப்ளாஷரில் கோத்துவிடும். பிரேக் மிதித்தபடி சிக்னல் போட்டால் ஒரு பக்கம் மின்னுவதும் மறுபக்கம் நிலையாக எரிவதும் கோளாறு அல்ல, அதன் அமைப்பே அப்படித்தான்.

ஆகவே பிரேக் மின்சாரம் எப்போதும் இந்த ரிலேயின் சும்மா நிற்கும் முனைகள் வழியாகத்தான் போகிறது. அவை கறுத்துப்போனால் சிக்னல் நன்றாக வேலை செய்யும், பிரேக் மட்டும் மங்கும். மூடியைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் நனைத்த சாதாரண வெள்ளைத் தாளை முனைகளுக்கிடையில் வைத்து லேசாக அழுத்தி இழுங்கள். தாளில் கறுப்பு வரும். நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். குழி விழுந்திருந்தால் மட்டும் 1000 நம்பர் வாட்டர் பேப்பரை ஒரு முறை ஓட்டலாம். அரம் வேண்டாம். தகட்டை வளைத்து அழுத்தம் கூட்டப் பார்க்கவும் வேண்டாம். இடைவெளி மாறினால் சுருள் இழுக்காது.

வயர் நிறத்தைப் பொறுத்தவரை மைனர், ஆக்ஸ்போர்ட், அதிலிருந்து வந்த நம் ஊர் அம்பாசடர் எல்லாம் லூகாஸ் முறைதான்: சிவப்பு பார்க் லைட், பச்சையில் ஊதாக் கோடு பிரேக், கறுப்பு ஏர்த், வெறும் பச்சை சாவி போட்டால் ஃப்யூஸ் வழியாக வரும் மின்சாரம். துணி வயரில் நிறம் தெரியாவிட்டால் புல்லட் இணைப்பு (வயர் நுனியில் உள்ள குண்டு வடிவ உலோக முனை) ரப்பருக்குள் மறைந்திருக்கும் பகுதியைப் பாருங்கள், அங்கே வெயில் பட்டிருக்காது. அந்த 4.7 மில்லிமீட்டர் புல்லட்டுகளும் பச்சை பிடித்திருக்கும். நசுக்கி மாட்டுவதை விட வயரைச் சுத்தம் செய்து ஈயம் வைத்துப் புது புல்லட் போடுவது நிற்கும்.

இன்னொன்று, திருகாணி. லூகாஸ் லைட்டுகளில் பெரும்பாலும் பிஏ எனும் பழைய பிரிட்டிஷ் அளவுப் புரி. 2பிஏ திருகாணி 4.7 மில்லிமீட்டர் விட்டம், புரி இடைவெளி 0.81. எம்5 திருகாணி 5.0 மில்லிமீட்டர், இடைவெளி 0.8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், இரண்டு சுற்று உள்ளேயும் போகும், பிறகு மசாக்கின் புரியை அரைத்துவிடும். காணாமல்போன திருகாணிக்குப் பதிலாக எம்5 போட்டு லைட் கூட்டையே கெடுத்தவர்கள் நிறைய. பழையதை அளந்து பிஏதான் வாங்குங்கள்.

கண்ணாடி_மாமி எழுதியது:

லென்ஸ் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் வலது லென்ஸ். தின்னரால் வந்த அந்தச் சிலந்தி வலை போகாது. லென்ஸ் அக்ரிலிக். அச்சில் வார்க்கும்போது உள்ளே இறுகிய இழுவிசை திருகாணி ஓட்டையையும் விளிம்பையும் சுற்றித் தங்கியிருக்கும். தின்னர், அசிட்டோன், பெற்றோல் பட்டால் அந்த இழுவிசை மெல்லிய வெடிப்புகளாகத் திறந்துகொள்ளும். அவை மேற்பரப்பில் இல்லை, ஆழமாக ஓடுகின்றன. தேய்த்தால் லென்ஸ் மெலியும், கோடு மிஞ்சும். மைனர் லென்ஸ் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அதை மாற்றுவதுதான் சரி. இனிமேல் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் வெதுவெதுப்பான தண்ணீரும் மட்டும். ஐசோபுறொப்பைல் அல்ககோலையும் தவிர்த்துவிடுங்கள், இழுவிசை உள்ள இடத்தில் அதுவும் வெடிக்க வைக்கும்.

இடது லென்ஸை மீட்கலாம். முதலில் வெடிப்பை ஒட்டவேண்டும், பிறகு பொலிஷ். சூப்பர் குளூ போட்டால் சுற்றிலும் வெள்ளைப் படலம் படியும், எபொக்ஸி வெயிலில் மஞ்சளாகும். அக்ரிலிக் ஒட்டும் மெல்லிய கரைப்பான் சீமெந்து, அதாவது டைகுளோரோமீதேன் அடிப்படையிலானது, இங்கே பொருத்தம். வெடிப்பின் முனையில் 1.5 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்றை முதலில் கையால் துளையுங்கள், இல்லாவிட்டால் வெடிப்பு முன்னேறும். வெடிப்பை விரலால் மூடிப் பிடித்து, ஊசிக் குப்பியால் உட்பக்கத்தில் ஒரு துளி விட்டால் தானே உள்ளே ஊறும். ஒரு நாள் தொடவேண்டாம். வெளியே காற்றோட்டத்தில் நின்று செய்யுங்கள், அந்த ஆவி நல்லதல்ல. அரைகுறையாக ஊற்றினால் அதே கரைப்பான் புதுக் கோடுகளை உண்டாக்கும், ஆகவே உடைந்த வேறொரு துண்டில் பழகிப் பாருங்கள்.

பிறகு வோட்டர் பேப்பர்: 800, 1200, 2000, 3000. தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம். 800இல் வெளிறிய தோல் போய் முழுவதும் ஒரே மாதிரி மங்கலாக வரும் வரை தேயுங்கள். அந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு எதுவும் பலிக்காது. ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள், முந்தைய கீறல் முழுதாகப் போனது கண்ணுக்குத் தெரியும். நம்பர் மாற்றும்போது லென்ஸையும் கையையும் வாளித் தண்ணீரையும் மாற்றிக் கழுவுங்கள். 800இன் ஒரு மணல் 3000க்குள் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் பிளாஸ்ரிக் பொலிஷை மெல்லிய பருத்தித் துணியில் எடுத்துக் கையால். மெஷின் போடுவதென்றால் மிக மெதுவாக. அக்ரிலிக் 100 பாகை தாண்டியதும் இளகும், வேகமான சக்கரத்துக்கு அது சில விநாடி வேலை. இளகின இடம் இழுபட்டுப் புகை மாதிரி நிற்கும்.

உள் பக்கத்தைத் தேய்க்கவே கூடாது. அங்கே உள்ள வரிகள்தான் வெளிச்சத்தைப் பரப்புகின்றன. எந்த லென்ஸிலாவது தேன்கூடு போன்ற பிரதிபலிப்பான் பகுதி இருந்தால் இன்னும் கவனம். பின்னால் வரும் காரின் வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புவது வெள்ளிப் பூச்சால் அல்ல, பிளாஸ்ரிக்குக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள எல்லையால். அக்ரிலிக்கில் 42 பாகைக்கு மேல் சரிந்து படும் ஒளி வெளியேறாமல் முழுதாகத் திரும்பும். அந்தச் சிறு முகங்களின் பின்னால் பசையோ பெயின்ற்றோ தண்ணீரோ ஒட்டினால் காற்று எல்லை போய்விடும், அந்த இடம் இருண்டுவிடும். சிலிக்கன் அப்பும்போது அது அங்கே வழிந்து கெட்ட லென்ஸ்கள் பல.

நிறம் வெளிறியது மேல் தோலில் மட்டுமா என்று 800 தேய்த்ததும் தெரியும். முழுத் தடிப்பும் வெளிறியிருந்தால் சிவப்பு ஸ்பிறே அடித்து ஒப்பேற்றவேண்டாம். வெளிச்சத்தை விழுங்கும், வெயிலில் உரியும், நிறம் இரண்டு பக்கமும் ஒன்றாக வராது. இரண்டு லென்ஸையும் சேர்த்து ஒரே இடத்தில் வாங்குவது நல்லது. ஒரு பக்கம் பழையது, மற்றப் பக்கம் புதியது என்றால் இரவில் வித்தியாசம் தெரியும். உங்கள் வலது லென்ஸ் எப்படியும் மாற்றவேண்டும் என்பதால் இரண்டையும் வாங்கி, மீட்ட இடது லென்ஸைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் எண்ணம்.

யாழ்_மைனர் எழுதியது:

மிக்க நன்றி. இடது ஏர்த் வயர் போட்டாயிற்று, அந்தப் பக்க இழப்பு இப்போது 0.1. பிரேக் சுவிச்சில் 0.5 காட்டுது, மாற்றப் போகிறேன். குரோம், எல்இடி, தண்ணீர் உள்ளே வருவது மூன்றும் மிச்சம்.

கோவை_பட்டறை எழுதியது:

குரோம்: வெள்ளைக் கொப்பளம் என்றால் அடியில் மசாக், அதாவது துத்தநாகக் கலவை வார்ப்பு. இரும்பாக இருந்தால் சிவப்புத் துரு வந்திருக்கும். குரோமின் ஊசி ஓட்டை வழியாக ஈரம் இறங்கித் துத்தநாகத்தைத் தின்று, வெள்ளைப் பொடி மேல் தோலைத் தள்ளுகிறது. கடற்காற்று உள்ள ஊரில் வேகமாக நடக்கும். கழிவறை ஆசிட் போட்டுச் சுத்தம் செய்யச் சொல்வார்கள், செய்யாதீர்கள். அது குரோமை விட மசாக்கைத்தான் முதலில் தின்னும். குரோம் ஸ்பிறே இதில் நிற்காது, சாம்பல் நிறமாகத்தான் தெரியும், கொப்பளமும் அதைத் தள்ளிக்கொண்டு வரும்.

சரியான வழி நீளமானது. பழைய குரோமையும் நிக்கலையும் தொட்டியில் உரிக்க வேண்டும். ஒவ்வொரு குழியையும் சிறு பல் கருவியால் வெள்ளைப் பொடி இல்லாமல் தோண்ட வேண்டும். அதன்மேல் முதலில் சயனைட் செம்பு. நேராக ஆசிட் செம்புத் தொட்டியில் போட்டால் துத்தநாகம் கரையும். செம்பு ஏறியபின் குழிகளை ஈயத்தால் நிரப்பி, அரைத்து, மறுபடி செம்பு, மறுபடி பஃப், பிறகு நிக்கல், கடைசியில் குரோம். பளபளப்பும் பாதுகாப்பும் தருவது நிக்கல்தான், குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான போர்வை. மசாக் 385 டிகிரி வாக்கில் உருகும், ஆகவே ஈயம் வைப்பவர் டார்ச்சைக் கையில் எடுத்தால் பொருளைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். சோல்டரிங் அயர்ன் மட்டும். முலாம் பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மசாக்குக்கு சயனைட் செம்புத் தொட்டி தனியாக வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றால் கொடுக்க வேண்டாம்.

குழிகள் சில இடங்களில் மட்டும் என்றால், மென்மையான குரோம் பொலிஷ் போட்டு, மெழுகு பூசி அப்படியே விடுவதிலும் தவறில்லை. வயதுக்கேற்ற தோற்றம், கூடு பலமாக இருந்தால் போதும்.

லங்கா_கராச் எழுதியது:

எல்இடி போட்டால் வோல்ற் குறைந்தாலும் பிரகாசமாக எரியும், டைனமோவுக்கும் சுமை குறைவு. நான் எல்இடிக்கே வாக்களிப்பேன்.

பன்னிரண்டு_வோல்ற் எழுதியது:

டைனமோ சுமை பற்றிச் சொன்னது சரி. ஆனால் இந்தக் காரில எல்இடி போடுறதெண்டால் நாலு விசயம் பாக்கவேணும்.

கடையில கிடைக்கிற எல்இடி பெரும்பாலும் நெகற்றிவ் ஏர்த்துக்கு. பொசிற்றிவ் ஏர்த் காரில எரியாது. பொசிற்றிவ் ஏர்த்துக்கு எண்டோ, இரண்டு திசைக்கும் வேலை செய்யும் எண்டோ எழுதியிருக்கவேணும்.

சிவப்பு லென்ஸுக்குப் பின்னால சிவப்பு எல்இடிதான். வெள்ளை எல்இடியின் வெளிச்சத்தில சிவப்பு குறைவு, லென்ஸ் மிச்சத்தை வடிகட்டிவிடும், கடைசியில இழை பல்பை விட மங்கலாத் தெரியும்.

பழைய சூட்டுக் கம்பி ஃபிளாஷர் இரண்டு 21 வாற் பல்ப் இழுக்கிற மின்சாரத்தில சூடாகித்தான் மின்னும். எல்இடியில அது நடக்காது, அல்லது வேகம் மாறிப்போகும். பொசிற்றிவ் ஏர்த் எலெக்ற்றோனிக் ஃபிளாஷர் வேணும், அதுவும் முனை மாறாமல் பூட்டவேணும்.

கடைசியா, லைற்றுக்குள்ள பல்ப் எந்தப் பக்கம் பாத்து இருக்கு எண்டு பாருங்கோ. பல்ப் லென்ஸுக்குச் சமாந்தரமாப் படுத்திருந்தால் முனையில மட்டும் எரியிற எல்இடி பக்கச் சுவரைத்தான் வெளிச்சமாக்கும். சுத்திவர எரியிறது எடுக்கவேணும்.

என்ர அபிப்பிராயம், ஏர்த்தும் சுவிச்சும் சரியானபிறகு நல்ல 21/5 வாற் இழை பல்பே போதும். லூகாஸ் 380 எண்டு கேக்கிறது இதுதான், அடி பிஏவை15டி. அதின் இரண்டு குமிழும் ஏறி இறங்கி இருக்கும், பிழையாப் போடேலாது. இரண்டு குமிழும் ஒரே உயரத்தில இருக்கிற பல்பைச் சொக்கற்றுக்குள்ள திணிச்சால் மாறிப் பூட்டலாம், அப்ப பார்க் லைற் பளிச்செண்டு எரியும், பிரேக் மிதிச்சால் வித்தியாசமே தெரியாது. வயர் இரண்டும் மாறியிருந்தாலும் இதே அறிகுறி.

கூட்டின் உள்பக்கம் மங்கிக் கிடந்தால் சூடு தாங்கிற பளபளப்பான வெள்ளைப் பெயின்ற் அடியுங்கோ, வெளிச்சம் நல்லாக் கூடும். அலுமினிய ரேப் ஒட்டுறதும் உண்டு, ஆனால் அதின் விளிம்பு உரிஞ்சு சொக்கற் முனையில பட்டால் ஷோர்ட்.

அந்த ஷோர்ட்டுக்கு மைனரில பாதுகாப்பு இல்லை எண்டதையும் சொல்லவேணும். பிரேக்கும் சிக்னலும் 35 அம்பியர் பியூஸ் வழியாப் போகுது. பார்க் லைற்றின் சிவப்பு வயருக்குப் பியூஸே இல்லை. பின்னுக்கு ஷோர்ட் ஆனால் வயர்தான் எரியும், துணிச் சுத்து தீப்பிடிக்கும். பூட்டுக்குள்ள சிவப்பு வயர் இடமும் வலமும் பிரியிற இடத்தில பக்கத்துக்கொண்டா 3 அம்பியர் பியூஸ் இரண்டு வையுங்கோ. ஒரே பியூஸில இரண்டையும் விட்டால் அது போகிற இரவில பின்பக்கம் முழு இருட்டு.

கண்ணாடி_மாமி எழுதியது:

தண்ணீருக்கு: லைற்றுக்கும் பொடிக்கும் இடையிலுள்ள றபரைப் புதிதாகப் போடுங்கள். லென்ஸ் விளிம்பில் சிலிக்கன் அப்பி மூடவேண்டாம். பல்ப் சூடாகி ஆறும்போது கூடு மூச்சு விடும், முழுதாக மூடினாலும் ஈரம் எப்படியோ உள்ளே போகும், பிறகு வெளியே வர வழியிருக்காது. கூட்டின் அடியில் வடியும் ஓட்டை இருக்கிறதா, பெயின்ற்றோ மண்ணோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வயர் பொடிக்குள் நுழையும் இடத்தின் றபர் வளையத்தில் மட்டும் கொஞ்சம் சிலிக்கன் தேவைப்பட்டால், புளித்த வினாகிரி மணம் வராத வகையை வாங்குங்கள். மணம் வருவது அமிலம் விடும், சொக்கற்றையும் மசாக்கையும் அரிக்கும்.

லென்ஸ் திருகாணியின் தலைக்குக் கீழே மெல்லிய றபர் அல்லது நார் வொஷர். விரலால் இறுக்கி, பிறகு திருப்புளியால் கால் சுற்று. உங்கள் இடது லென்ஸின் வெடிப்பு திருகாணி ஓட்டையிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் அளவுக்கு மீறி இறுக்கியதாகத்தான் இருக்கும். இரண்டு திருகாணி என்றால் மாறி மாறி இறுக்குங்கள்.

யாழ்_மைனர் எழுதியது:

கடைசிக் கேள்வி. இடது பக்கம் புல்லட் றபருக்குள்ளும் வயர் நிறம் முழுக்கக் கறுத்துப்போய் விட்டது. எது பிரேக், எது பார்க் என்று பற்றரி இணைத்தே கண்டுபிடிக்கலாமா?

பன்னிரண்டு_வோல்ற் எழுதியது:

ஓம். 12 வோல்ற் 5 வாற் பல்ப் ஒண்டில இரண்டு வயர் பிடிச்சுச் சோதனை லைற் செய்யுங்கோ. ஒரு வயர் பொடியில, மற்றது சந்தேக வயரில. பார்க் லைற் சுவிச் போட எரிஞ்சால் அது சிவப்பு. சாவி போட்டுப் பிரேக் மிதிக்க எரிஞ்சால் பிரேக், அதே வயர் சிக்னல் போட்டதும் மின்னத் தொடங்கவேணும். மின்னாட்டில் டிபி10இல இடது பக்கம் இன்னும் துப்பரவாக்க இருக்கு. கண்டுபிடிச்ச உடனே இரண்டிலயும் நிற ரேப் சுத்தி வையுங்கோ. பூட்டினபிறகு இருட்டில 10 மீற்றர் பின்னால ஒராளை நிப்பாட்டி, பார்க் லைற் எரியேக்க பிரேக்கை மிதியுங்கோ. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குத் தாவி ஏறவேணும். ஒரு பக்கம் பிந்தினால் 3ஆவது அளவைத் திரும்ப எடுங்கோ.